மறைந்த மாளிகைகள்: பிடாடரி

சென்ற இதழில், வாம்போவா என்று ஊரார் அழைத்த ஹூ ஆ கே என்னும் சீனப் பிரபு சிராங்கூன் சாலையோரத்தில் அமைத்திருந்த தோட்டத்தையும், 1880இல் அவர் காலமான பின்பு சியா லியாங் சியாவின் உடைமையாகிப் பெண்டமியர் இல்லம் என்று பெயர் பூண்ட அவருடைய மாளிகை 1964இல் இடிக்கப்பட்டதையும் கண்டோம். அதே சாலையில் மேலும் வடகிழக்காகச் சென்றால், பொத்தோங் பாசிர் கடந்து வுட்லீ ரயில் நிலையத்தை ஒட்டி, இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதிய அடுக்குமாடிகள் வரிசையாக எழுந்து நிற்கும் மேட்டு நிலம் ஒன்று வருகிறது. ஓர் ஆங்கில வணிகரின் கிராமாந்தர மாளிகையாகத் தொடங்கி, ஜோகூர் மன்னரின் இல்லத்தரசிக்கு அரண்மனையாகி, பிறகு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மயானமாகி, அதன்பின் மயானம் என்ற அடையாளத்தையும் இழந்து, இப்போது பல்லாயிரம் குடும்பங்களின் குடியிருப்பாக மாறியிருக்கும் அந்த நிலத்தின் பெயர் பிடாடரி. வித்யாதரி என்னும் வடசொல்லின் மலாய் உருவமான இப்பெயர் ஒன்றுதான் இத்தனை மாற்றங்களுக்கும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

சுவா சூ காங்கில் குடியிருக்கும் ஒருவன், தீவின் மறுபுறத்தில் இருக்கும் இந்நிலத்தைப் பற்றி எழுதப் புகுவதற்குக் காரணம் உண்டு. அம்மாளிகையை ஆடம்பரமாக நடத்திய செல்வம் எங்கள் பேட்டையைப் போன்ற காட்டுப் பிரதேசங்களில் உழைத்தவர்களின் வியர்வையிலிருந்து ஊறியது. அம்மண்ணில் பிற்காலத்தில் புதைக்கப்பட்டவர்களுள் பெரும் பகுதியினர் இறுதியில் எங்கள் பேட்டையின் மண்ணுக்கே கொண்டுவரப்பட்டார்கள். மாளிகைகளின் சரித்திரத்தை எழுதுவோர் வழக்கமாகத் தூண்களையும் விருந்துகளையும் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள். பிடாடரியின் சரித்திரத்தை அவ்வாறு எழுதினால் அதில் பாதியைக்கூடச் சொன்னதாகாது.

முதலில் மாளிகை தோன்றிய விதத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தில் கிராமாந்தர மாளிகை என்பது வெறும் வீடு அன்று. அதைச் சுற்றியுள்ள விளைநிலமும், குடியானவர்களின் குத்தகையும், காடும், தேவாலயமும் சேர்ந்த ஒரு சிறு சமஸ்தானம். பரம்பரை பரம்பரையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவந்த அத்தகைய மாளிகைகள், 1894இல் விதிக்கப்பட்ட மரணவரியாலும், விவசாய வருவாய் குன்றியதாலும், இரண்டு மகாயுத்தங்களாலும் நலிந்து, சென்ற நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில் இடித்துத் தள்ளப்பட்டன. அவற்றின் அழிவை நாட்டுக்கு எடுத்துக்காட்டுவதற்கென்றே 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருட்சாலையில் ஒரு கண்காட்சி நடத்தப்பட்டது. சிங்கப்பூருக்கு வந்த ஆங்கில வணிகர்கள் அந்த வாழ்க்கை முறையின் நிழலை இங்கே உண்டாக்கிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். பகலெல்லாம் ஆற்றங்கரைக் கிடங்குகளில் சர்க்கரையும் மிளகும் எடைபோட்டுவிட்டு, மாலையில் குதிரை வண்டியேறி, ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே உயரமான மேட்டில் கட்டிய வீட்டுக்குத் திரும்புவது அவர்களுடைய கௌரவத்தின் அடையாளமாக இருந்தது. 1850களின் பிற்பகுதியில் ஜாதிக்காய் மரங்களை நோய் தாக்கித் தோட்டங்கள் பாழான பின்பும், மேட்டு வீட்டு மோகம் மட்டும் குறையவில்லை.

அவ்வீடுகளின் அமைப்பைச் சற்று நின்று பார்ப்பது தகும். ஏனெனில் அதில் நம்மவர்களின் கை இருக்கிறது. வெள்ளத்துக்கும் கரையானுக்கும் எட்டாதபடி செங்கல் தூண்களின் மேல் தளம் உயர்த்தி, நாற்புறமும் ஆழமான தாழ்வாரம் விட்டு, வண்டி வந்து நிற்பதற்கு முகப்பு மண்டபம் அமைத்து, காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தும் பலகைச் சட்டங்களைச் சன்னல்களில் பொருத்திக் கட்டுவார்கள். சுவருக்குப் பூசிய காரை, மதராஸ் சுண்ணாம்பு என்று பெயர் பெற்றது. மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவையும் வெல்லத்தையும் சேர்த்துப் பசையாகும்வரை இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை ஊற்றிக் குழைத்து, சுவரில் பூசி உலர்ந்த பிறகு வழுவழுப்பான கல்லால் பளிங்குபோல் மின்னும்வரை தேய்ப்பார்கள். புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை 1856 தொடங்கி எழுப்பிய இந்தியக் கைதிகள் அதன் உட்சுவருக்கு இம்முறையில்தான் காரை பூசினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி நான் அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையோரத்தில் எரிந்த சுண்ணாம்புக் காளவாய்களால்தான் அப்பகுதிக்கே நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்று பெயரிட்டு வழங்கினார்கள். சென்னை ராஜதானியிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டு, 1825 முதல் 1873 வரை இந்நகரின் சாலைகளையும் பாலங்களையும் பெருங்கட்டடங்களையும் உருவாக்கிய அக்கைதிகளின் பெயர்களை எந்த மாளிகையின் முகப்பிலும் பொறிக்கவில்லை என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

பிடாடரி மேட்டில் 1850களில் மாளிகை எழுப்பியவர் ஹென்றி மிஞ்சின் சைமன்ஸ் என்னும் ஆங்கில வணிகர். வில்லியம் பாட்டர்சன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து அவர் நடத்திய பாட்டர்சன் சைமன்ஸ் ஸ்தாபனம், அதற்கு முன் கெர் ராசன் என்று வழங்கிய பழைய வாணிகக் கோத்திரத்தின் வாரிசு. இந்த ஸ்தாபனத்துக்கு மற்ற ஐரோப்பிய வர்த்தகர்களுக்கு இல்லாத ஒரு தனிச் செல்வாக்கு இருந்தது. தெலுக் பிளாங்காவில் வசித்த ஜோகூர் ஆட்சித் தலைவர் தெமெங்கோங் இப்ராஹிமின் வாணிக விவகாரங்களை அவர்கள் கவனித்துவந்தார்கள். 1840களில் காட்டுமரப் பாலான கட்டாபெர்ச்சாவுக்கு ஐரோப்பாவில் திடீரென்று கிராக்கி ஏற்பட்டபோது, ஜோகூர்க் காடுகளிலிருந்து அதைத் திரட்டி விற்று தெமெங்கோங் பெருஞ்செல்வரானார்; கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட அச்சரக்கின் வியாபாரத்தில் அவருக்கு உற்றவர்களாக நின்ற ஆங்கிலேயரும் செழித்தார்கள். எனவே சைமன்ஸின் மாளிகை பிற்பாடு தெமெங்கோங்கின் மைந்தரும் பின்னாளில் ஜோகூர் மன்னருமான அபு பக்கரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவுமாக இருந்தவர்களுக்குள் நடந்த கைமாற்றம் அது.

மன்னருக்கு அத்தனை செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் சுவா சூ காங்கில் தொடங்குகிறது. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் காசுக்கட்டியை நம்மில் முதியோர் அறிவர். அதைப் போன்றதொரு சாரமே காம்பியர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து சிங்கப்பூரின் உட்பகுதிகளில் தியோச்சியூ சீனர்கள் காடழித்து காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். ஆற்று முகத்தில் படகு ஏறக்கூடிய இடத்தைப் பிடித்து, அங்கே கொட்டகை போட்டு, கூலிகளைக் குடியமர்த்தி, கடையும் நடத்திய தலைவனை காங்சூ என்பார்கள். சுவா குலத்தினர் அவ்வாறு தலைமை வகித்த குடியேற்றமே சுவா சூ காங். தோட்டத்து வேலை கொடியது. காம்பியர்த் தழையைப் பறித்து, பெரிய இரும்புக் கடாரத்தில் போட்டு, அடுப்பு அணையாமல் மணிக்கணக்காகக் காய்ச்சி, வடித்த சாறு இறுகிவரும்போது கட்டையால் கடைந்து, அச்சில் ஊற்றி, பழுப்பு நிறக் கட்டிகளாக அறுத்து உலர்த்துவார்கள். சாறு எடுத்த சக்கையைக் கூடை கூடையாகச் சுமந்து மிளகுக் கொடியின் அடியில் எருவாக இடுவார்கள். அதனால்தான் இவ்விரு பயிர்களும் எங்கும் இணைபிரியாமல் இருந்தன. அடுப்பு எரிக்க வேண்டிய விறகுக்காகத் தோட்டத்தின் பரப்புக்குச் சமமான காடு தேவைப்பட்டது. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண்ணின் சாரம் வற்றிவிடும், விறகும் தீர்ந்துவிடும், பிறகு அவ்விடத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். இடையில் எத்தனையோ கூலிகள் புலிக்கு இரையானார்கள். எஞ்சியவர்களைக் காய்ச்சலும் அபினும் தின்றன.

சிங்கப்பூரின் மண் களைத்துப்போகத் தொடங்கிய 1840களில், காங்சூக்களும் கூலிகளும் நீரிணையைக் கடந்து ஜோகூர் ஆறுகளுக்குள் நுழைந்தார்கள். 1844 முதல் தெமெங்கோங் இப்ராஹிம், சூராட் சுங்கை எனப்படும் ஆற்றுப் பட்டயங்களை அவர்களுக்கு வழங்கி, ஒவ்வொரு ஆற்றையும் ஒவ்வொரு காங்சூவின் பொறுப்பில் விட்டார். 1862இல் தந்தையின் இடத்துக்கு வந்த அபு பக்கர் அந்த முறையை மேலும் விரிவாக்கினார். காம்பியர் மீதும் மிளகு மீதும் விதித்த தீர்வை ஒருபுறம். கூலிகளுக்கு அபினும் சாராயமும் விற்கும் உரிமையை ஏலம் விட்டுப் பெற்ற குத்தகைப் பணம் மறுபுறம். சில பதிற்றாண்டுகளில் ஜோகூர், உலகத்திலேயே மிகுதியாகக் காம்பியர் விளையும் நாடுகளுள் ஒன்றாயிற்று. இங்கிலாந்தின் தோல் பதனிடும் தொட்டிகளுக்கும் சாயப் பட்டறைகளுக்கும் அது கப்பல் கப்பலாகப் போயிற்று. அபு பக்கர் 1866இல் இங்கிலாந்துக்குப் பிரயாணம் செய்து விக்டோரியா மகாராணியாரைச் சந்தித்ததும், 1868இல் மகாராஜா என்ற பட்டம் பெற்றதும், 1885இல் சுல்தானாக அங்கீகரிக்கப்பட்டதும், சிங்கப்பூரிலும் ஜோகூர் பாருவிலும் மாளிகைமேல் மாளிகையாக வைத்திருந்ததும் அந்த வருவாயைக் கொண்டே. அவர் திறமைசாலி என்பதில் எனக்கு ஐயமில்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் வாயிற்படியில் இருந்துகொண்டு தம் நாட்டை அதற்குள் விழாமல் தம் ஆயுட்காலம் முழுதும் காத்தவர் அவர். ஆயினும் பிடாடரியின் விருந்து மேசையில் ஏற்றிய ஒவ்வொரு விளக்குக்கும் எங்கோ ஒரு காம்பியர் அடுப்பு எரிந்தது என்பதை மறந்துவிட்டு இக்கதையைச் சொல்ல என்னால் இயலவில்லை.

அம்மாளிகையில் வாழ்ந்த அரசியின் சரித்திரம் ஒரு நாவலுக்குரியது. டென்மார்க்கின் லாங்கலான் தீவில் 1807இல் பிறந்த மாட்ஸ் லாங்கே என்ற கப்பல் வணிகன், பாலித் தீவின் கூத்தா கடற்கரையில் கிடங்கு கட்டி, அரிசியும் மாடும் தேங்காயெண்ணெயும் விற்று, உள்நாட்டு ராஜாக்களின் நம்பிக்கைக்குப் பாத்திரமானான். 1849இல் டச்சுக்காரர்களுக்கும் பாலி அரசர்களுக்கும் மூண்ட யுத்தத்தில் சமாதானம் பேசிவைத்தவனும் அவனே. அவனுக்கும் ஒரு சீன மாதுக்கும் 1848இல் பிறந்த பெண் சிசிலியா. எட்டு வயதில் தந்தையை இழந்த அப்பெண் சிங்கப்பூருக்கு வந்து கல்வி பயின்று, 1870இல் அபு பக்கரை மணந்து, சுபைதா என்ற பெயருடன் ஜோகூர் அரச குடும்பத்தில் புகுந்தாள். பிடாடரி அவளுடைய இல்லமாயிற்று. மரியம் என்ற மகளையும், 1873 செப்டம்பர் 17 அன்று இப்ராஹிம் என்ற மகனையும் அவள் பெற்றாள். அந்த மகனே 1895இல் அரியணை ஏறி, ஜப்பானிய ஆக்கிரமிப்பையும் மலாயாவின் சுதந்திரத்தையும் கண்டு, 1959இல் காலமாகும்வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட சுல்தான் இப்ராஹிம். டேனிஷ் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பாலியில் பிறந்து, சிங்கப்பூரில் வளர்ந்து, மலாய் அரச வம்சத்துக்குத் தாயானவள் ஒருத்தி, ஆங்கிலேயன் கட்டிய வீட்டின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து குழந்தையைக் கொஞ்சியிருப்பாள் என்று நினைக்கும்போது, இந்தத் துறைமுகம் அந்நாளிலேயே எத்தனை சமுத்திரங்களின் சங்கமமாக இருந்தது என்பது விளங்குகிறது.

அபு பக்கரின் நாட்டம் பிறகு தங்ளின் பக்கம் சாய்ந்தது. அங்கே வழக்கறிஞர் வில்லியம் நேப்பியர் முன்பு கட்டியிருந்த டயர்சால் தோட்டத்தை வாங்கி, 1892இல் புதிய அரண்மனை ஒன்றைத் திறந்துவைத்தார். அதுவும் 1905இல் தீக்கிரையாயிற்று. அதன் கதை இத்தொடரில் தனியே வரும். 1895இல் அவர் லண்டனில் காலமானபின் பிடாடரியின் அரண்மனைக் காலமும் முடிவை நெருங்கியது.

அதே காலத்தில் நகராட்சி மன்றத்தாருக்கு வேறொரு கவலை. கானிங் கோட்டைக் குன்றின் பழைய கிறிஸ்தவ மயானம் 1865இல் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக, இன்றைய தேக்காவுக்கு அருகே புக்கித் தீமா சாலையில் திறந்த மயானமும் நாற்பது ஆண்டுகளில் நிறைந்துவிட்டது. நகருக்கு வெளியே, மேடான, நீர் தேங்காத, சாலை வசதியுள்ள பெருநிலம் ஒன்று வேண்டியிருந்தது. பிடாடரித் தோட்டம் அதற்குப் பொருந்தியது. நகராட்சி மன்றம் நிலத்தை வாங்கி 1908இல் கிறிஸ்தவர்களுக்கான பகுதியையும் 1910இல் முஸ்லிம்களுக்கான பகுதியையும் திறந்தது. பின்னர் இந்துக்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. பிரபுக்களின் வண்டி நுழைந்த நிலத்தில் சவ வண்டிகள் நுழையலாயின.

பிடாடரியில் உறங்கியவர்களைச் சற்று அறிந்துகொள்வோம். ரேஃபிள்ஸ் ஹோட்டலின் 1899ஆம் ஆண்டு மாளிகையை வரைந்த கட்டடக்கலைஞர் பிட்வெல் 1918இல் இங்கு அடக்கம் செய்யப்பட்டார். 1915 பிப்ரவரியில் ஐந்தாம் இலகு காலாட்படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது கொல்லப்பட்ட பிரிட்டிஷார் பலரும் இங்கேயே புதைக்கப்பட்டார்கள். சீன சமூகத்தைச் சீர்திருத்த அரும்பாடுபட்ட டாக்டர் லிம் பூன் கெங் 1957இல் இங்கு வந்து சேர்ந்தார்.

இவர்கள் எல்லாரையும்விட என் மனத்தைப் பிடித்து நிறுத்துபவர் அகஸ்டின் பாட்மோர் வில்லியம்ஸ். 1880இல் ஏறத்தாழ 950 ஹஜ் யாத்திரிகர்களைச் சுமந்துகொண்டு சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ஜெட்டா என்ற நீராவிக் கப்பலில் அவர் தலைமைத் துணை அதிகாரி. ஆப்பிரிக்கக் கரையோரமாகப் புயலில் சிக்கி, கொதிகலன்கள் பெயர்ந்து, கப்பலுக்குள் நீர் ஏறியபோது, தலைவனும் அவரும் மற்ற ஐரோப்பிய அதிகாரிகளும் யாத்திரிகர்களைக் கைவிட்டு உயிர்ப்படகில் தப்பினார்கள். கப்பல் மூழ்கிவிட்டதாகவும் கரையில் அறிவித்தார்கள். ஆனால் யாத்திரிகர்கள் பகலிரவாகத் தண்ணீரை இறைத்துக் கப்பலை மிதக்கவைத்தார்கள். வழியில் கண்ட மற்றொரு கப்பல் அதை ஏடன் துறைமுகத்துக்கு இழுத்து வந்தது. உலகமே நகைத்த அந்த அவமானத்துக்குப் பிறகு வில்லியம்ஸ் வேறு ஊருக்கு ஓடிப்போகவில்லை. சிங்கப்பூருக்கே திரும்பிவந்து, துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் விற்கும் ஸ்தாபனத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்து, எல்லாரும் அறிந்த முகத்தோடு எல்லார் நடுவிலும் வாழ்ந்து, 1916இல் இறந்தார். ஜோசப் கான்ராட் 1900இல் வெளியிட்ட 'லார்ட் ஜிம்' என்னும் புகழ்பெற்ற நவீனத்தின் கதாநாயகனுக்கு இவரே மூலம். ஹஜ் யாத்திரை செய்தவர்களும் செய்ய ஏங்கியவர்களும் ஆயிரக்கணக்கில் அடக்கமான நிலத்திலேயே, வேறொரு பகுதியில், அவருடைய உடலும் கிடந்தது.

முஸ்லிம் பகுதியில் மலாய்க்காரரோடும் ஜாவானியரோடும் அரபுகளோடும், கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நாகூரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் தமிழ் முஸ்லிம்களும் புதைக்கப்பட்டார்கள்; கிறிஸ்தவப் பகுதியில் லூர்து மாதா ஆலயத்தையும் தமிழ் மெதடிஸ்ட் சபையையும் சார்ந்த தமிழ்க் குடும்பங்களின் கல்லறைகள் இருந்தன. மூட்டை சுமந்தவரும், பணமாற்றுக் கடை வைத்தவரும், ரயில்வே குமாஸ்தாவும், பள்ளி ஆசிரியரும் அங்கே அருகருகே படுத்திருந்தார்கள். பிரபுவின் மாளிகையாக இருந்த காலத்தில் இவர்களில் ஒருவரேனும் பணியாளர் வாயில் வழியாகவன்றி அந்நிலத்துக்குள் நுழைந்திருக்க முடியாது. மயானமாக இருந்த அறுபத்து நான்கு ஆண்டுகளில்தான் பிடாடரி இந்நகரத்தின் ஜனங்கள் அனைவருக்கும் உரியதாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

1972இல் புதைப்பது நிறுத்தப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நிலம் மரங்கள் அடர்ந்து, வலசை வரும் பறவைகள் இளைப்பாறும் சோலையாகக் கிடந்தது. பின்பு, வீடுகளுக்காக நிலம் மீட்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2001 முதல் 2006 வரை, கிறிஸ்தவப் பகுதியில் ஏறத்தாழ 58,000 கல்லறைகளும் முஸ்லிம் பகுதியில் ஏறத்தாழ 68,000 கல்லறைகளும் தோண்டி எடுக்கப்பட்டன. வாரிசுகள் உரிமை கோரிய கிறிஸ்தவ எலும்புகள் எரியூட்டப்பட்டு அஸ்தி மாடங்களில் வைக்கப்பட்டன. கோருவாரற்ற அஸ்தி கடலில் கரைக்கப்பட்டது. இஸ்லாம் எரியூட்டலை அனுமதிக்காததால் முஸ்லிம்களின் எச்சங்கள் மீண்டும் மண்ணுக்குள்ளேயே இடப்பட வேண்டியிருந்தன. அவை வந்து சேர்ந்த இடம் சுவா சூ காங் மயானம்.

பழைய சுவா சூ காங் சாலை வழியாகப் பேருந்தில் செல்வோர் அந்த மயானத்தைக் கண்டிருப்பார்கள். சீனர், முஸ்லிம், கிறிஸ்தவர், இந்து, யூதர், பார்சி, பஹாய் என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பகுதி. சிங்கப்பூரில் இன்றும் புதைப்பதற்குத் திறந்திருக்கும் மயானம் இது ஒன்றே. முஸ்லிம் பகுதியில் நடந்தால், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஊன்றிய குட்டைக் கற்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் மல்லிகையும் நறுக்கிய பாண்டான் இலையும் தூவி, தெளித்த பன்னீரின் ஈரம் காயாத கல்லறைகளுக்கு அருகே, யாரும் வந்து நின்ற தடமே இல்லாத கற்களும் இருக்கின்றன. 1998இல் வகுக்கப்பட்ட விதியின்படி இங்கே ஒரு கல்லறையின் ஆயுள் 15 ஆண்டுகளே. அதன்பின் எச்சங்களைத் தோண்டியெடுத்து, எரியூட்டும் வழக்கம் உள்ளோர் எரியூட்டவும், இல்லாதோர் சிறிய குழிகளில் நெருக்கமாக மறுபடி அடக்கம் செய்யவும் வேண்டும். நிலம் மேலும் மிச்சமாகும் பொருட்டு 2007 முதல் கான்கிரீட் பெட்டகங்களைப் பூமிக்குள் அடுக்கிப் புதைக்கும் முறையும் வந்திருக்கிறது. இறந்தவர்களுக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடியைப் போன்றதோர் ஏற்பாடு இது.

பிடாடரியின் அடையாளமாக வாயிற்கதவுகளையும் புகழ்பெற்றோர் சிலரின் நடுகற்களையும் மட்டும் எடுத்து வைத்து, 2004இல் சிறு நினைவுத் தோட்டம் ஒன்றை அமைத்தார்கள். எஞ்சிய நிலத்தில் ஏறத்தாழ 10,000 வீடுகள் கொண்ட பேட்டைக்கான திட்டம் 2013இல் வெளியிடப்பட்டது. 2024இல் பூங்காவும் திறக்கப்பட்டது. அப்பூங்காவின் ஏரிக்கு, ஒரு காலத்தில் அவ்வட்டாரத்தில் படகுத் துறையும் தேநீர்க் கொட்டகையுமாக ஜப்பானிய பாணியில் அரபு வணிகக் குடும்பத்தார் அமைத்திருந்த அல்காஃப் தோட்டத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டியதை நான் குறை கூறமாட்டேன். இடநெருக்கடியால் ஓரறை வாடகைக் குடியிருப்பில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தலைமுறையின் வழித்தோன்றல் எவனும் அவ்வாறு கூறத் துணியமாட்டான்.

என் மனம் கிடந்து தவிப்பது வேறொன்றுக்காக. தெங்கா விமானத் தளத்தை விரிவாக்குவதற்காக சுவா சூ காங் மயானத்தின் 45,500 சீனக் கல்லறைகளும் 35,000 முஸ்லிம் கல்லறைகளும் அகற்றப்படும் என்று 2017 ஜூலையில் அரசாங்கம் அறிவித்தது. பாய லேபார் விமானத் தளம் இடம் பெயரும்போது அதன் பணிகளில் ஒரு பகுதி தெங்காவுக்கு வரவேண்டியிருக்கிறது. பாய லேபார் காலியானால் அங்கும் வீடுகள் எழும். ஆகவே நிலம் கைமாறும் இந்தச் சக்கரம் எங்கள் பேட்டைக்கும் வந்துவிட்டது.

இதைப் படிக்கும் குடும்பங்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். சுவா சூ காங்கில் உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ அடக்கமாகியிருந்தால், கல்லறையின் தவணை முடிந்து கடிதம் வரும்வரை காத்திராதீர்கள். அடுத்த விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கல்லைக் கழுவி, அதில் தமிழிலும் ஜாவியிலும் ஆங்கிலத்திலும் பொறித்திருப்பதை எழுத்து விடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊரின் பெயர், தந்தையின் பெயர், இறந்த தேதி, கல்லை நிறுத்தியவரின் பெயர் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். பல குடும்பங்களுக்கு ஊர்ப்பெயர் வேறெந்தத் தாளிலும் கிடையாது. தேசிய நூலக வாரியத்தாரும் தேசிய ஆவணக் காப்பகத்தாரும் பழைய குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் பெற்றுப் பாதுகாத்து வருகிறார்கள். கல்லறைப் படத்தையும் அவர்களிடம் சேர்ப்பிக்கலாம். பிடாடரியில் தோண்டிய லட்சத்துச் சொச்சம் கல்லறைகளில், தோட்டத்தில் நிறுத்திவைத்த சிலவற்றைத் தவிர மற்றவற்றின் எழுத்துகளை நம் வீடுகளில் எத்தனை பேர் எழுதிவைத்திருக்கிறோம்?

(தொடரும்)